இ தெஸ்புவெஸ்?

ஏழாம் வகுப்பு பி பிரிவுக்குச்
செவ்வாயும் வியாழனும் ஸ்பானிஷ்,
வெள்ளி மதியம் நாடகம்.
இரண்டுக்கும் நான்தான். சம்பளம் ஒன்று.

ஏற்காட்டில் ஜன்னலைச் சாத்த மறந்தால்
மூடுபனி உள்ளே வந்து
கடைசி பெஞ்சை எடுத்துக்கொள்ளும்.
அந்த நேரம் பார்த்து லோகித் முறுக்கு கடிப்பான்.
சத்தம் மட்டும் தெரியும், ஆள் தெரியாது.

வந்தேன் என்றால் போதும்,
நான் என்று தனியே சொல்ல வேண்டாம்,
சொல்லின் வால் ஆளைக் காட்டிக்கொடுக்கும்.
ஸ்பானிஷும் அப்படித்தான் என்றேன்.
"அப்போ இங்கிலீஷுக்கு மட்டும் எதுக்கு மிஸ்
வரிக்கு வரி ஒரு நான்?" என்றாள் ஹாஜிரா.
நல்லவேளை மணி அடித்தது.

பெர்ரோ என்றால் நாய்.
ஒரு ரகரம் மெலிந்தால் அது 'ஆனால்' ஆகிவிடும்.
அன்று முழுக்க வராந்தாவில்
ஆனால்கள் குரைத்தன.

கேள்விக்கு முன்னாலும் ஒரு குறி உண்டு, தலைகீழாக.
"கொய்யா பறிக்கிற தொரட்டி" என்றாள்
நாகலூர் செண்பகவல்லி.
அதற்குமேல் நான் விளக்கவில்லை.

என் அப்பா இன்னவர் என்று ஆளுக்கொரு வாக்கியம்.
டாக்டர், ஜவ்வரிசி மில், வெள்ளிக் கொலுசுப் பட்டறை,
எட்டு லாரி.
லோகித் எழுந்தான்: "மி பாத்ரே வியாஹா."
என் அப்பா பயணம் செய்கிறார்.
துபாயோ சிங்கப்பூரோ என்று
நானும் கேட்காமல் விட்டேன்.

ஆண்டு விழாவுக்கு நானே எழுதியது,
எட்டு நிமிடம்.
கப்பலேறும் மகன் ஒவ்வொரு துறைமுகமாகச் சொல்ல
தாய்க்கு ஒரே வசனம்:
இ தெஸ்புவெஸ்? அப்புறம்?
அதையே பதினோரு விதமாகச் சொல்லிப் பழகினாள் ஹாஜிரா.
லோகித்தின் குரலோ மூன்றாம் வரிசையைத் தாண்டாது.
வயிற்றிலிருந்து பேசு என்று
இரண்டு மாதம் கத்தினேன்,
என் தொண்டைதான் கட்டியது.

திரை விலகியது.
அட்டைக் கப்பல். நீலச் சேலைக் கடல்.
முதல் துறைமுகத்திலேயே அவனுக்கு எல்லாம் மறந்தது.
ஓரத்தில் நின்ற நான்
உதட்டை அசைத்து அசைத்துப் பார்த்தேன்.
அவன் என் பக்கமே திரும்பவில்லை.

"இ தெஸ்புவெஸ்?" என்றாள் ஹாஜிரா,
கேட்க வேண்டிய இடம் வருவதற்கு முன்பே.

மூச்சை இழுத்தான்.
"ஒந்திகாதா!"
மண்டபத்தின் கடைசிச் சுவர் வரை போனது.
இ தெஸ்புவெஸ்?
"அதிவாரோ!"
இ தெஸ்புவெஸ்?
"கொந்தப்பா நாயக்கோ!"
அவள் கண்ணில் சிரிப்பு முட்டியது,
வாய் மட்டும் தாயாகவே இருந்தது.
இ தெஸ்புவெஸ்?
"அஸ்தம்பாத்தியா!"
இ தெஸ்புவெஸ்?
இங்கே கொஞ்சம் நிறுத்தினான்.
ஹாஸ்டல் பையன்,
வீட்டுக்குப் போய் ஆறு வாரம்.
"தாதகாப்பாத்தி கேத்தே"
என்று மெதுவாகச் சொன்னான்.
அதுவும் கேட்டது, கடைசிச் சுவர் வரை.

கைதட்டல் ஓயவில்லை.
சிறப்பு விருந்தினர் மைக்கைப் பிடித்து
ஸ்பெயினுக்கே போய் வந்தது போலிருக்கிறது என்றார்.
முதல்வர் என்னைப் பெருமையோடு பார்த்தார்.
நான் செருப்பைப் பார்த்தேன்.

வாசலில் ஒருவர் காத்திருந்தார்,
காக்கிச் சட்டை, தோளில் தோல் பை,
விரலிடுக்கில் நீளவாக்கில் மடித்த நோட்டுகள்.
"நாலு நாப்பது வண்டி எடுக்கணும் டீச்சர்,
லோகித்தோட அப்பா.
நல்லா பேசுனான்.
ஒண்ணே ஒண்ணு,
ஸ்பானிஷ்ல
கோரிமேடு கிடையாதுங்களா?"