வால்நட் நிறம்

குழவி ஈரமாக இருந்தது, அவ்வளவுதான்.
கை நழுவி மேசை ஓரத்தில் இறங்கியது.
நாலணா அளவுக்கு ஒரு பள்ளம்,
அங்கிருந்து ஒரு சாண் நீளத்துக்குக் கீறல்.
குனிந்து பார்த்தேன். உள்ளே மரம் இல்லை.
தூள்.
பிஸ்கட் பொட்டலத்தின் அடியில் தங்குமே,
அந்த மாதிரி.

இன்னும் ஏழு தவணை பாக்கி.

துடைத்துவிட்டு
அதன்மேல் ஒரு தட்டைக் கவிழ்த்தேன்.
மூன்று நாள் அது அங்கேயே இருந்தது.
ஹார்பரில் இரவு ஷிஃப்ட் முடித்து வருகிறவர்
பார்த்தாரா தெரியாது.
பசித்து வருகிறவர் கண்ணில்
தட்டு படாமலா போகும்?

அடுத்த பிளாக் பெனடிக்டா சொன்னாள்:
"ஈரத்துணி போட்டு அயர்ன்பாக்ஸ வெய்யி,
பள்ளம் தானா எழும்பி வந்துரும்."
அது நிஜ மரத்துக்கு.
இங்கே ஓரம் அப்பளமாய் உப்பத் தொடங்க
பதறி எடுத்து
அம்மிக்கல்லை ஏற்றி வைத்தேன், ஆறும்வரை.

தண்டையார்பேட்டை ஹைரோட்டில்
ஹார்டுவேர் கடைப் பையன் கேட்டான்:
"இன்னா கலருக்கா? வால்நட்டா, வெங்கேவா, டார்க் ஓக்கா?"
போனில் படத்தைக் காட்டினேன்.
"போட்டோல எல்லாமே டீ கலராத்தான் தெரியும்."
வால்நட் மரத்தை அவனும் பார்த்ததில்லை.
இரண்டு மெழுகுக் குச்சி, ஒரு சின்ன டப்பா பட்டி,
நானூறாம் நம்பர் உப்புத்தாள்.
நூற்றெண்பது ரூபாய்.
வீட்டுக் கணக்கில் கொத்தமல்லி என்று எழுதினேன்,
பிறகு யோசித்து, கொத்தமல்லி, மீன் என்று.

அவர் உள்ளே தூங்கும் மதியம்.
ஜன்னலைச் சாத்தினேன்;
காய்வதற்குள் மணலிக் காற்று
கரியைக் கொண்டுவந்து உட்கார வைத்துவிடும்.
பழைய ஏடிஎம் கார்டால் பட்டியை அமுக்கி வழித்தேன்.
கொஞ்சம் மேடாகவே விட வேண்டும்,
காய்ந்தால் இறங்கிக்கொள்ளும்.
கொருக்குப்பேட்டை கூட்ஸ் வண்டி போகும்போது மட்டும்
கையைத் தூக்கிக்கொண்டேன்.
தேய்த்து, துடைத்து,
இரண்டு பழுப்பையும் விரல் சூட்டில் குழைத்துப் பூசியதும்
பள்ளம் போய்விட்டது.
ஆனால் அந்த இடம் மட்டும் பேசாமல் இருந்தது.
ரேகை இல்லை.

அப்போதுதான் மேசையை முதல்முறையாகப் பார்த்தேன்.
ஒரே முடிச்சு, இரண்டடிக்கு ஒரு தரம்.
எங்கோ நின்ற ஒரு மரத்தைப் படமெடுத்து
திரும்பத் திரும்ப ஒட்டியிருக்கிறார்கள்.
இரண்டடிக்கு ஒரு தரம் அதே மழை,
இரண்டடிக்கு ஒரு தரம் அதே வறட்சி.

புருவப் பென்சிலைக் கூராக்கி
விட்டுப்போன இடத்தில் மூன்று கோடு இழுத்தேன்.
மூன்று வருஷம்.
எந்த நாட்டு மழையோ,
பட்டேல் நகர் இரண்டாம் மாடியில் பெய்தது.
மேலே நிறமில்லாத நெயில் பாலிஷ், ஒரே பூச்சு.

காய்ந்த பிறகு கண்ணை மூடி
விரலை ஓட விட்டேன், மட்டம் பார்க்க.
என் இடத்தைத் தாண்டியும் விரல் போய்க்கொண்டிருந்தது.
அவர் நாற்காலிப் பக்கத்து மூலையில்
ஏதோ வழுவழுப்பு.
கண்ணைத் திறந்தேன்.
மடித்த பேப்பரைத் தினமும் அவர் வைக்கும் இடம்.
ஒழுங்கான மனுஷன் என்று நினைத்திருந்தேன்.

பேப்பரை எடுத்தால், ஒரு ஒட்டு.
நிறம் ஒரு படி வெளுப்பு; அவசரத்தில் வாங்கியது.
அதன்மேல் டாலி கிளார்க் பேனாவால்
ஸ்கேல் வைத்து இழுத்த ஒரு கோடு.
கன்டெய்னர் கணக்கை அடித்துவிட்ட மாதிரி.
எந்த மரமும் அவ்வளவு நேராக வளர்ந்ததில்லை.

என்ன விழுந்தது, எப்போது,
நான் எங்கே போயிருந்தேன்?

பென்சில் கையில்தான் இருந்தது.
அவர் கோட்டைக் கொஞ்சம் வளைத்துவிட்டேன்.
பேப்பரை மடித்தபடியே நாற்காலியில் வைத்தேன்.

ஒரு நாளைக்குச் சூடு ஆகாது, ஈரம் ஆகாது
என்று டப்பாவில் போட்டிருந்தது.
ராத்திரி அவர் கிளம்புமுன்
குழம்புச் சட்டியைத் தரையில் இறக்கி
நானும் உட்கார்ந்தேன்.
அவர் நாற்காலியைப் பார்த்தார்,
பேப்பரைப் பார்த்தார்,
மேசையைப் பார்க்கவில்லை.
வந்து எதிரில் சம்மணம் போட்டார்.
ஏன் என்று கேட்கவில்லை.
ரசம் இருக்கா என்றுதான் கேட்டார்.