நூற்றி முப்பத்திநாலு

தடைக்காலத்தின் முப்பதாம் நாள்.
தங்கச்சிமடத்துக் கரையில் விசைப்படகுகள்
ஒன்றையொன்று உரசித்
தூக்கத்தில் பல் கடிக்கின்றன.

கப்பலிலிருந்து லீவில் வந்த தஸ்நேவிஸ்
மூன்று புட்டி கொண்டுவந்திருக்கிறான்.
மக்காச்சோளச் சாராயம், அமெரிக்காவில் வாங்கியது.
உள்பக்கம் தீ வைத்துக் கருக்கிய பீப்பாயில்
வருசக்கணக்காகக் கிடந்ததாம்.
மூன்றுக்கும் நாளிதழ் சுற்றி நூல் கட்டியிருக்கிறான்:
‘பேர் தெரிஞ்சா மூக்கு பொய் சொல்லும், மதினி.’

என் மூக்குக்கு மண்டபத்தில் சம்பளம்.
பெட்டிக்கு மூன்று இறால் எடுத்துத்
தலை திருகி மோப்பேன்.
ஏற்றுமதியா, உள்ளூரா, கோழித்தீவனமா
அந்த ஒரு மூச்சில் முடிந்துவிடும்.
அதனால் என்னைக் கூப்பிட்டான்.

வியாகப்பனை யாரும் கூப்பிடவில்லை.
இன்ஜின் கழற்றிய கையை
சோப்புத்தூளில் தேய்த்துக் கழுவிவிட்டு
அவனாக வந்து
கவிழ்த்த வள்ளத்தில் சாய்ந்து உட்கார்ந்தான்.
ஓரியூரில் நேர்ந்துகொண்டு
இரண்டு வருடம் நாலு மாதம்.
‘குடிக்க வரல. சும்மா இருக்கேன்.’

கல்லறைத் திருநாளுக்கு வாங்கிய
மெழுகுவர்த்திக் கண்ணாடிகளைச் சுடுதண்ணீரில் கழுவி
ஆளுக்கு ஒரு விரல்கடை ஊற்றினோம்.

முதலாவது நூற்றிப் பதினாறு.
புது பீரோவைத் திறந்த மாதிரி.
வாயில் இனிப்பு, தொண்டையில் வார்னிஷ்.
இரண்டாவது நூற்றி இருபத்திநாலு.
கிராம்பு, வறுத்த கடலைத்தோல்,
வெனிலா ஐஸ் வண்டி அப்போதுதான் கடந்துபோன தெரு.
மூன்றாவதை மோந்ததும்
அமோனியா அடித்த லாட்டைத் தள்ளுவதுபோல்
என் கை தானாகத் தள்ளியது.

‘இது போச்சு’ என்றேன்.
‘இதுதான் ராஜா’ என்றான் தஸ்நேவிஸ்.
‘நூற்றி முப்பத்திநாலு. பாதி போட்டா அறுபத்தேழு.
நூறு பங்குல அறுபத்தேழு பங்கு நெருப்பு.
பீப்பாயில இருந்து அப்படியே, சொட்டுத் தண்ணி சேக்காதது.’
‘அப்ப நாம சேப்போம்.’

கேன் தண்ணீர் விட்டோம்.
நெருப்பு அணைந்தது, கூடவே எல்லாமும் அணைந்தது.
வியாகப்பன் எழுந்து போய்க்
கோவில் கிணற்றுத் தண்ணீரை
ஒரு புது சிரிஞ்சில் இழுத்துவந்தான்.
இன்னொரு குவளையில் நாலு சொட்டு.
ஒரு நிமிடம் ஒன்றுமில்லை.
பிறகு பாகு காய்ச்சிய சட்டியின் அடி,
கொஞ்சம் புகை,
அதற்கும் கீழே ஏதோ ஒன்று,
பெயர் நாக்கு நுனியில் நின்று
என்னிடம் வர மறுத்தது.
முப்பது வருட மூக்கு எனக்கு. அவமானம்.

‘கையில ஒரு சொட்டு விடு’ என்றான் வியாகப்பன்.
தஸ்நேவிஸ் என்னைப் பார்த்தான்.
நான் கடலைப் பார்த்தேன்.
விட்டான்.

உள்ளங்கை இரண்டையும் தேய்த்தான்.
காரத்தைக் கச்சான் காற்று கொண்டுபோகும்வரை
விரித்துப் பிடித்திருந்தான்.
பிறகு முகத்தை அதில் புதைத்தான்,
நற்கருணை வாங்கியவன்போல.
வெகுநேரம்.

‘ராத்திரி முழுக்க அணஞ்சு கிடந்த கரி.
அதுக்குக் கீழ வாழைப்பழம்.
தோல் கறுத்தது.
நாளைக்கு யாரும் வாங்க மாட்டாங்க, அந்தப் பழம்.’

திரும்பக் குடித்தோம்.
வாழைப்பழம்.
அவன் சொல்லும்வரை இல்லாதது,
சொன்ன பிறகு வேறெதுவும் இல்லை.

தஸ்நேவிஸ் நூலை அறுத்துப் பேர்களை வாசித்தான்.
எனக்கு எதுவும் நிற்கவில்லை.
வியாகப்பன் அதற்குள்
அலை விளிம்பில் குந்தியிருந்தான்.
மணல் போட்டுத் தேய்த்தான். மோந்தான்.
மறுபடி மணல். மறுபடி மோந்தான்.
பாம்பன் பக்கம் ரயில் ஒன்று
ஊர்ந்து ஊர்ந்து கடந்து முடிந்தது.
இன்னும் தேய்த்துக்கொண்டிருந்தான்.

வீட்டில் கித்தேரி விழித்திருப்பாள்.
அவளுக்கும் ஒரு மூக்கு உண்டு,
சம்பளம் இல்லாதது.
தினமும் கதவருகே வேலை பார்ப்பது.

ஈரக்கையை உடம்பில் படாமல் நீட்டியபடி
எங்களைக் கடந்து போனான்.
படகடியில் கிடந்த டீசல் டின்னைத் திறந்து
மணிக்கட்டுவரை விட்டான்.