புறப்படக் கூடாத இடங்கள்

சாவியைத் திருப்பினேன். ஒன்றுமில்லை.
பாட்டரி நன்றாக இருக்கிறது. விளக்கு எரிகிறது.
ரேடியோவில் பனிப்புயல் எச்சரிக்கை படிக்கிறார்கள்.
பார்க்கில்தான் இருக்கிறேன் என்று
வண்டியை மட்டும் நம்பவைக்க முடியவில்லை.

மிச்சிகனின் வடமுனையில் மார்ச் என்றால்
சாலை முழுக்க உப்பு.
தொண்ணூற்றொன்றில் பிறந்த இந்த ஜீப்
முப்பது குளிர்காலமாக அதை நக்கி வளர்ந்தது.

வேலிக்கு அந்தப் பக்கம் ரெய்னோ,
கையில் காபி, காலில் வீட்டுச் செருப்பு.
"ரெண்டு ஒயரைச் சேத்து முறுக்கிவிடு ஐலி,
பத்து நிமிஷ வேலை.
இந்த ஊர்ல பாதி வண்டி அப்படித்தான் ஓடுது."

தெரியும்.
முறுக்கவும் தெரியும்.
அண்ணன் அர்வோவின் டிராக்டருக்கு
முறுக்கிக் கொடுத்ததே நான்தான்.
கியரில் கிடப்பது தெரியாமல்
தரையில் நின்றபடியே அவன் சாவியைத் திருப்பினான்.
முதலில் உடைந்தது கொட்டகைக் கதவு.
பிறகு அவன் இடுப்பு.
தேவாலயப் படிகளில் இப்போதும்
அவனுக்கு முன்னால் ஏறிவிடுவேன்.
பின்னாலிருந்து பார்க்க என்னால் ஆகாது.

பாத்திரம் கழுவும் இயந்திரம் வந்த அட்டைப்பெட்டியைப் பிரித்து
பனிமேல் விரித்து
மல்லாந்து உள்ளே நுழைந்தேன்.
கியர்ப்பெட்டியின் வலது விலாவில் இருந்தது அது,
உள்ளங்கை அகலம்.
அதற்குத் தெரிந்தது ஒரே கேள்வி:
நிற்கிறாயா?
ஆமாம் என்றால்தான் மின்சாரத்தை வழிவிடும்.

நெம்புகோலைக் கழற்றினேன்.
மடித்துவைத்த வாஷரின் காதை நிமிர்த்தினேன்.
பெரிய நட்டு முனகிக்கொண்டே வந்தது.
சுவிட்ச் வரவில்லை.
துருவும் தண்டும் ஒன்றுக்குள் ஒன்றாகிவிட்டன.

மூன்று நாள்,
காலையும் மாலையும் மருந்து மாதிரி
எண்ணெய் சொட்டினேன்.
தட்டினேன். திட்டினேன்,
ஃபின்னிஷ் மொழியில் எனக்குத் தெரிந்த ஏழு வார்த்தைகளையும் தீர்த்தேன்.
நெம்பலாம்தான். ஆனால் தண்டில் ஒரு கீறல் விழுந்தாலும்
சீல் கசியும்; பிறகு
மொத்தப் பெட்டியையும் இறக்க வேண்டும்.
கோபத்துக்கு அந்த இடத்தில்
அரை மில்லிமீட்டர்கூட இடமில்லை.

நான்காம் நாள் அதைக் காப்பாற்றும் எண்ணத்தைக் கைவிட்டேன்.
பிளாஸ்டிக் உடலை இடுக்கியால் கடித்துக் கடித்து எடுத்தேன்.
மிஞ்சிய இரும்பு வளையத்தில்
சின்ன அறுப்பான் போட்டு,
தண்டைத் தொட மயிரிழை இருக்கையில் நிறுத்தி,
பிளவில் உளியை வைத்துத் திருக...
டக்.
கன்னத்தில் வந்து விழுந்தது பாதி வளையம்.
உள்ளே பச்சைப் பொடி.
பேச மறந்துபோன இரண்டு செம்பு நாக்குகள்.

உப்புத்தாளால் தண்டைத் தேய்த்தேன்.
கிரீஸ் தடவினேன், தாராளமாகவே:
அடுத்து இதைக் கழற்றப்போவதும்
நானாக இருக்கலாம்.
புதியதை மாட்டி
நியூட்ரல் கோடும் தண்டின் பள்ளமும்
நேர்கோட்டில் வரும்வரை திருப்பி
போல்ட்டை இறுக்கினேன்.

பார்க்கில் கிளம்பியது. ரெய்னோ கை தட்டினார்.
நான் அணைத்துவிட்டேன்.
சோதனை அது இல்லை.

பிரேக்கை முழுதாக மிதித்து ரிவர்ஸில் வைத்துத்
திருப்பினேன். ஒன்றுமில்லை.
டிரைவில். ஒன்றுமில்லை.
மூன்றில், ஒன்று-இரண்டில்.
மூன்று நாள் என்னைக் கெட்ட வார்த்தை பேசவைத்த
அதே ஒன்றுமில்லை.
இப்போது மூச்சைப் பிடித்துக்கொண்டு
அதைத்தான் கேட்டுக்கொண்டிருந்தேன்.
"என்னாச்சு, மறுபடியும் போச்சா?" என்றார் ரெய்னோ.

டாஷ்போர்டு அறையைத் திறந்தேன்.
பழைய ரசீதுகளுக்கு அடியில்
நான்கு வருடமாக உறை பிரிக்காத இன்னொரு சுவிட்ச்.
டிராக்டருக்கானது.
அர்வோவின் மகன் இப்போது அதை ஓட்டுகிறானாம்.
ஒயர் நான் முறுக்கியபடியே இருக்கிறதாம்.

பதினோரு மைல்.
பனி தொடங்க இன்னும் இரண்டு மணி நேரம்.
உளியையும் அட்டையையும் பின்சீட்டில் எறிந்துவிட்டு
பார்க்கில் இருக்கிறதா என்று
ஒருமுறை பார்த்துவிட்டு
சாவியைத் திருப்பினேன்.