நறுக்

சிசாக் ரயில் நிலையத்துக்குப் பின்னால்
சனிக்கிழமை ஒன்பது மணிக்கே வெயில் ஏறிவிட்டது.
ரெகூலா ஹெக்லர் தன் நான்கு பெட்டிகளையும்
குடை நிழலுக்குள் இழுத்து வைக்கிறாள்.
பெயரட்டை எழுத மறந்துவிட்டாளாம்.
கேட்டால் விரலால் சொல்கிறாள்:
இது பூர்லா, கடைசிப் பூர்லா, இனி அடுத்த வருஷம்தான்.
இது கோர்டியா.
இந்த மஞ்சளின் பெயர் அப்பாவுக்குத்தான் தெரியும்.
அது புளிப்பு, ஜாமுக்கு. சும்மா தின்னாதே, முகம் கோணும்.

நான் சும்மா தின்றேன்.
முகம் கோணியது.
இன்னொன்று எடுத்தேன்.

செரிக்குத் தமிழில் சேலாப்பழம் என்கிறது அகராதி.
அந்தச் சொல்லை யாரும் வாயில் போட்டுப் பார்த்ததாகத் தெரியவில்லை.
எங்கள் வீட்டில் செரிதான்.

வாங்குமுன் காம்பைப் பார்ப்பேன்.
பச்சையாய், ஒடியாமல் வளைந்தால்
விடியற்காலையில் பறித்தது.
பழுப்பேறியிருந்தால் நேற்றைய பொய்.
பிறகு தோல்.
பூர்லா, பல் படுமுன்பே விட்டுக்கொடுக்கும்,
கேட்காமலே கடன் தருகிறவர் மாதிரி;
சாறு மணிக்கட்டு வரை ஓடும்.
மஞ்சளுக்குத் தேன் வாசம் உண்டு, தைரியம் இல்லை:
தொட்ட இடமெல்லாம் கன்றிப்போகிறது.
கோர்டியா வேறு.
அது முதலில் மறுக்கும்.
அழுத்த, இன்னும் அழுத்த, சட்டென்று
நறுக்.
அதன் பிறகுதான் இனிப்பு,
இனிப்புக்கும் பின்னால், கொட்டையை ஒட்டி,
ஒரு மெல்லிய கசப்பு.

பல்லைப் பற்றி நான் கொஞ்சம் பேசலாம்.
லீஸ்டாலில் ஒரு பட்டறையில் பல் கட்டுவது என் வேலை.
வாய்கள் என்னிடம் வருவதில்லை;
சாந்து அச்சுகளாய், இலக்கம் ஒட்டி, பெட்டிகளில் வரும்.
பதினொரு வருஷத்தில்
ஆயிரம் பேருடைய கடி எனக்குத் தெரியும்,
ஒருவருடைய முகமும் தெரியாது.

மார்ச்சில் ஒரு பெட்டியோடு புகைப்படமும் வந்தது.
மோட்டார் சைக்கிளில் சாய்ந்து சிரிக்கிற இளைஞன்.
கூடவே மருத்துவரின் குறிப்பு:
மேல்வரிசை, இடப்பக்கம், இரண்டாவது பல்
கொஞ்சம் திரும்பியிருக்க வேண்டுமாம்.
நேராக வேண்டாமாம்.
அவருடையது அப்படித்தான் இருந்ததாம்.
நேராக வைப்பது கைக்குப் பழக்கம்.
கோணலாக வைக்க, மெழுகைச் சூடாக்கிச் சூடாக்கி
மூன்று நாள் மல்லுக்கட்டினேன்.
சரியாகக் கோணுவது லேசில்லை.

இப்போது எனக்கு முன்னால்
பழுப்புத் தொப்பி போட்ட ஒருவர் கேட்கிறார்:
"இதில் எது கெட்டி?"
"ஷௌப், உங்களுக்குப் பூர்லாதானே,
இரண்டு வருஷமாய் அதைத்தானே கேட்பீர்கள்?"
"இன்றைக்குக் கெட்டியானது."

கோர்டியா ஒன்றைக் காம்போடு நீட்டுகிறாள்.
அவர் உடனே தின்னவில்லை.
சட்டையில் துடைத்தார். வெயிலுக்குப் பிடித்துப் பார்த்தார்.
வாய்க்குள் ஒரு பக்கம் ஒதுக்கினார்,
பிறகு மறு பக்கம்.
வரிசையில் பின்னால் யாரோ செருமினார்கள்.
நான் மூச்சு விடவில்லை.

நறுக்.

எனக்குக் கேட்டது, சத்தியமாய்க் கேட்டது.
அவர் சிரித்தார்.
சாறு படிந்த மேல்வரிசையில், இடப்பக்கம்,
இரண்டாவது பல்
நான் திருப்பிய அளவுக்குத் திரும்பியிருந்தது.

கொட்டையை எங்கே துப்புவது என்று தேடினார்.
ரெகூலா வீதியைக் காட்டினாள்.
வயதுக்குப் பொருந்தாத தூரம் போய்
ஒரு சைக்கிள் மணியில் பட்டது அது.
ஒரு கிலோ என்றார். பிறகு, ஒன்றரை.

சொல்லியிருக்கலாம்.
என்னவென்று?
வணக்கம், உங்கள் வாயை எனக்குத் தெரியும் என்றா?

"உனக்கு?" என்றாள் ரெகூலா.
அதே பெட்டியைக் காட்டினேன்.
அரைக் கிலோ புளிப்பும்.

ரயிலில் பையைத் திறந்துவிட்டேன்.
லீஸ்டால் வருவதற்குள் கைக்குட்டையில் பதினேழு கொட்டைகள்.
ஒன்றில் புழு இருந்தது, பாதி தின்ற பிறகு தெரிந்தது,
அதையும் சேர்த்துத்தான் பதினேழு.
விரல்நுனிகள் கறுத்துவிட்டன.
திங்கட்கிழமை வெள்ளைப் பற்களைத் தொடுமுன்
எலுமிச்சை தேய்த்துக் கழுவ வேண்டும்.
இன்றைக்குச் சனிதானே.