எதிர்த்தரப்பு: மாடு

பாரத்தில் ஒரு கட்டம்:
மோதிய எதிர்த்தரப்பின் பெயர், முகவரி.
மாடு என்று எழுதினேன்.
சிவப்பு. நிற்காமல் போய்விட்டது.
கையெழுத்துப் போட்ட மரியசூசை
சிரிக்கவில்லை.

பாகாவுக்கு வெளியே எண்ணெய் மில்லில் அவருக்கு இரவு வேலை.
செம்பனைக்கு நடுவே பதினோரு மைல்,
பஸ் ஆறரைக்கே படுத்துவிடும்.
இருபத்திரண்டு வயதுக் காடி, வெள்ளை.
இடப்பக்கக் கதவு உள்வாங்கிக் கிடந்தது,
விளக்கு இருந்த குழியில் ஒயர் தொங்கியது.
முதல்தரக் காப்புறுதி, ஒரு வருடமும் விடாமல்.
ரசீதெல்லாம் மைலோ டின்னோடு கொண்டுவந்து
என் மேசையில் கவிழ்த்தார்.

அந்த மாடலை நிறுத்தி எவ்வளவோ காலம்.
பட்டறையில் நான் கணக்கெழுதுகிறவள்;
சாமான் தேடுவதும் என் தலையில்தான்.
கிள்ளானுக்கு அடித்தேன். காஜாங்குக்கு அடித்தேன்.
சாமான் எண்ணைத் தூக்கத்திலும் ஒப்பிப்பேன்.
ஈப்போக்காரன் கேட்டான்,
"தங்கச்சி, பொணத்துக்கா சட்டை தேடுற?"
கோலப்பிலாவில் கதவு இருந்தது, வலப்பக்கம்.
மாட்டைத் திருப்பி நிறுத்தவா முடியும்?

மதிப்பீட்டாளர் பட்லி வந்தார்,
குனிந்தார், நாலு படம் எடுத்தார்.
முழு இழப்பு. இரண்டாயிரத்து நானூறு வெள்ளி.
சாவியைக் கொடுத்துவிட வேண்டியது.
"இந்தக் காசுக்கு வாங்குற காடி
பதினோரு மைல் போகுமா?" என்றார் மரியசூசை.
பட்லி நல்ல மனிதர்.
தேநீர் கப்பைத் தானே கழுவி வைத்துவிட்டுப் போனார்.

பழுதுபார்க்கவும் வழியுண்டு.
ஆனால் பழைய காடியில் புதுச் சாமான் ஏறினால்
காடி மேம்பட்டுவிடுகிறதாம்.
மேம்பட்டதற்குச் சொந்தக்காரர் பங்கு கட்ட வேண்டும்,
நூற்றுக்கு நாற்பது.
"மேம்பாடா?" என்றார்.
உப்புப் பார்க்கிறவர் மாதிரி இன்னொரு தடவை,
"மேம்பாடு."
தோட்டத்து வீட்டைக் காலிசெய்யச் சொல்லி
அவர் அப்பாவுக்கு வந்த கடிதத்திலும்
இந்தச் சொல் இருந்ததாம்.

முட்டை லாரி ஓட்டும் தயாநிதிதான் சொன்னான்,
ரொம்பின் சாலையில், லிம்மின் கோழிப்பண்ணை.
சக்கரம் இல்லாமல் கல்லின்மேல் நின்றது
அதே மாடல், பச்சை.
இடப்பக்கக் கதவில் கீறல்கூட இல்லை. விளக்கும் முழுசு.
முன்சீட்டில் ஒரு கோழி
எங்களைப் பார்த்துச் சிலிர்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது.
லிம் என் கையைத் தட்டிவிட்டார்.
பொரிக்கட்டும், அப்புறம் கழற்று.
எத்தனை நாள்?
ஒன்பது.

தாமதத்துக்குக் காரணம் கேட்டது காப்புறுதி நிறுவனம்.
சாமான் கிடைத்துவிட்டது,
அதற்குள் ஒருத்தி அடைகாக்கிறாள் என்று எழுதினேன்.
அடித்துவிட்டு
விநியோகத் தாமதம் என்று எழுதினேன்.
அந்த ஒன்பது நாளும் மரியசூசை
யார் யாருடைய மோட்டாரின் பின்னாலோ வேலைக்குப் போனார்.
ஏழாம் நாள் பட்டறைக்கு வந்து
"பொரிச்சிருச்சா?" என்றார்.
கதவைப் பற்றிக் கேட்கவில்லை.

பதினொன்றில் எட்டு.
கதவும் விளக்கும் சேர்த்து நூற்றெழுபது வெள்ளி.
ரசீது கேட்டேன்;
லிம் நாள்காட்டித் தாளைக் கிழித்து
பின்பக்கம் எழுதிக் கொடுத்தார்.
முந்தின மாதத்துத் தாள்.
அதற்கு ஒரு விளக்கக் கடிதம் தனியாகப் போயிற்று.

சாயத்துக்கு அனுமதி இன்னும் வரவில்லை.
நேற்று வந்தது வேறு கடிதம்:
மேம்பாட்டுப் பங்கு, நாற்பது விழுக்காடு.
உட்கார்ந்து பதில் எழுதினேன்.
பொருத்திய கதவு இந்தக் காடியைவிட ஒரு வயது மூத்தது.
ஆகவே காடி மேம்படவில்லை,
ஒரு வருடம் தாழ்ந்திருக்கிறது.
அந்த ஒரு வருடத்துக்கான பங்கை
நீங்கள் எங்களுக்கு அனுப்பவும்.
இப்படிக்கு.

ஏழு மணிக்கு அவர் வண்டியை எடுக்கிறார்.
பச்சைக் கதவை இரண்டு முறை அடித்தால்தான் சாத்துகிறது.
ஒரு விளக்கு வெள்ளையாக, ஒன்று மஞ்சளாக,
செம்பனைக்குள் திரும்புகிறது காடி.
மாடு இன்னும்
அந்தப் பக்கம்தான் மேய்கிறது.