எச் பதினாலுக்கு நான்கெல்லை

சனிக்கிழமை மேட்னி, மார்த்தாண்டம்.
எனக்குக் கிடைத்த எச் பதினாலுக்கு
நான்கெல்லையாவது:
கிழக்கே திரை,
மேற்கே முதுகில் முட்டுகிற பாலிடெக்னிக் முழங்கால்கள்,
வடக்கே தூண்,
தெற்கே கோழிப்போர்விளை வறுவேல்.
இதற்குட்பட்ட ஒன்றரை அடி
ரெண்டே முக்கால் மணி நேரம்
என் சர்வ சுதந்திர பாத்தியம்.

கைப்பிடி மட்டும் பொது வரப்பு.
பேரெழுத்து ஓடும்போதே
வறுவேல் முழங்கையை ஊன்றிவிட்டார்.
ஆட்சேபிக்காமல் பன்னிரண்டு வருஷம் விட்டால்
அனுபோகத்தில் அவருக்கே போய்விடும்.
நான் கையை மடியில் வைத்துக்கொண்டேன்.

"தக்கலையில பத்திரம் எழுதுத ஆளு இல்லியா நீங்க?"
ஆமாம். ஜெராக்ஸ் கடைக்குள் ஒரு மேசை.
ஏழு வருஷமாக வில்லங்கச் சான்று கேட்டு
இவர் வந்து நிற்கிற மேசை.

திரையில் வில்லனுக்கு வெள்ளை ஷூ.
அவன் முன்னால் தெர்மாகோல் தொழிற்சாலை,
அதைச் சுற்றித் தீக்குச்சி உயர மரங்கள்.
மலையைக் கேட்கிறான்.
நாயகன் மேல்பட்டனைக் கழற்றிவிட்டு
நிலம் யாருக்கு என்று ஆறு நிமிடம் பேசுகிறான்.
உழுதவனுக்கு. வியர்த்தவனுக்கு.
அதிலேயே செத்துப் புதைந்தவனுக்கு.
அவன் ஏறி நிற்கும் பாறை, பார்த்தாலே தெரிகிறது,
அரசுப் புறம்போக்கு.

பிறகு பத்திரத்தைக் கிழிக்கிறான்.
விசில். முன்வரிசையிலும் காகிதம் பறக்கிறது.
எனக்குச் சிரிப்பு வந்தது.
மனுப் போட்டால் நகல் தருவார்களே ஐயா,
நீ கிழித்தது பதிவாளர் அலமாரியில்
பக்க எண்ணோடு சுகமாக இருக்கிறதே.
திரும்பினால் வறுவேல் அழுதுகொண்டிருந்தார்,
துண்டால் மூக்கைத் துடைத்து,
கைப்பிடியை மறந்து.
அந்த நேரம் பார்த்து
என் முழங்கையை வைத்தேன்.

சினிமாவில் எதிரிக்கு ஒரு முகம்.
என் மேசைக்கு வருகிற எதிர்வாதிக்கெல்லாம்
வாதியின் இனிஷியல்.

கடைசியில் எல்லோருக்கும் பட்டா.
வாங்க வரிசையில் நிற்பதெல்லாம் வேட்டி.
சேலைகள் பின்னால் நின்று குரவையிட
விடுதலை, விடுதலை என்று கூட்டம் கத்தியது.

எங்கள் தொழிலில் அந்தச் சொல்லுக்கு
முத்திரைத்தாள் உண்டு.
தங்கச்சி தன் பங்கை அண்ணனுக்கு விட்டுக்கொடுத்தால்
அதன் பேர் விடுதலைப் பத்திரம்.
நானே ஒன்று எழுதியிருக்கிறேன், எனக்காக,
ஏழு பவனும் ஒரு பீரோவும் பெற்றுக்கொண்டதாக.
பீரோ வந்தது.
கையெழுத்து வடிவாக விழுந்திருக்கிறது என்று
அண்ணன்கூடப் பாராட்டினார்.

திங்கட்கிழமை பத்தே காலுக்கு வறுவேல்,
பின்னால் தங்கை டெல்பின்.
நாலுவழிச்சாலைக்கு எடுத்த பதினொன்றே கால் சென்டுக்குப்
பணம் வருகிறதாம்,
ஒற்றைப் பெயரில் இருந்தால் சுளுவாம்.
"இவளுக்கு முழுச் சம்மதம். எழுதுங்க."
எழுதும்போதே கேட்டேன், படம் எப்படி.
"நல்ல கருத்துள்ள படம்" என்றார்.

'மனப்பூர்வமாகவும்
யாருடைய தூண்டுதலும் இன்றியும்.'
அந்த வரி என் பேனாவுக்கே மனப்பாடம்.
நீட்டிய பேனாவை டெல்பின் வாங்கவில்லை.
முந்திரி ஆலையில் தோடு உடைத்துக் கறுத்த விரல்களை
மேசை விளிம்பில் ஊன்றி,
முழங்கையையும் ஊன்றி,
காகிதத்தின்மேல் குனிந்தாள்.
"எல்லை எழுதினியளே,
அத இன்னொருக்க வாசியுங்க."

கிழக்கே, அயனி நிற்கும் கையாலை.
"அயனிய நட்டது நானு."
வறுவேல் கடிகாரத்தைப் பார்த்தார்.
"சாப்பாட்டு நேரம் ஆயிரும் பிள்ளே, ஒப்பப் போடு."
"மேல வாசியுங்க."

மேற்கே, என்றேன்,
கொஞ்சம் சத்தமாக.