மூன்றாம் ஜன்னல்

முதுநகர்க் கிளை அலுவலகம்.
பிறப்புக்கும் இறப்புக்கும் எனக்கு ஒரே கணினி,
இரண்டு கடவுச்சொல்.

பெயரில்லாமல்தான் பதிவாகிறது குழந்தை.
ஆணா பெண்ணா, எடை, ஆஸ்பத்திரி, நேரம்,
பெயர்க் கட்டம் மட்டும் வெள்ளையாய்க் கிடக்கும்.
பன்னிரண்டு மாதம் வரை கட்டணம் இல்லை.

இப்போது வருவதெல்லாம்
எண்கணிதக்காரர் சீட்டில் 'ஷ்' என்று முடிகிற பெயர்கள்.
பொருள் கேட்டால் போனைத் தேய்க்கிறார்கள்.

குணத்தைப் பெயராகக் கொண்டுவருகிறவர்கள்
கொஞ்சம் பேர். அதனால் நினைவிருக்கிறார்கள்.
சாபிரா: அரபியில், பொறுத்துக்கொள்பவள்.
வரிசையே காதைப் பொத்திக்கொள்ள அழுதாள்.
புதுச்சேரியில் பெண்ணெடுத்த வீட்டின் கொன்ஸ்தான்ஸ்:
பிரெஞ்சில், நிலை மாறாதவள்.
தலை இன்னும் நிற்கவில்லை.
மஞ்சக்குப்பத்து வாத்தியார் மகனுக்கு
நாணயம் என்று எழுதிவிட்டுப் போனார்.
மறுநாள் மனைவி வந்தாள்,
"சில்லறைன்னு கூப்புடுவாங்க மேடம், மாத்திடுங்க."
பொறை என்று ஒருத்தி.
பொறுமைதான்; சுமை என்றும் அகராதி சொல்கிறது.
நான் சொல்லவில்லை.

என் பெயர் அடக்கம்.
வைத்த அப்பாவுக்கு ஒரு பொருள்தான் தெரியும்.
இன்னொன்று
இடுகாட்டு ரசீதில் பின் குத்தி
தினமும் என் மேசைக்கு வருகிறது.

நேற்று, துறைமுக ஐஸ் பிளாண்டிலிருந்து ஒருவர்.
சட்டையில் தோள் மட்டும் ஈரம்.
குழந்தைக்குப் பதினோரு மாதம், இருபது நாள். பெண்.
"வாய்மைன்னு போடுங்க."

உள்ளத்தால் உண்மை, வாயால் வாய்மை,
மெய்யால் மெய்மை
என்று ஒன்பதாம் வகுப்பில் மனப்பாடம் செய்தது
நாக்கு நுனிக்கு வந்தது.
உண்மைன்னே வெக்கலாமே, என்றேன்.
"இவ அம்மா எங்கிட்ட ஒரே பொய்தான் சொன்னா மேடம்.
அதுவும் வாயாலதான்.
ஸ்ட்ரெச்சர்ல படுத்துகிட்டு,
போயிட்டு வரேன்னா."

தாயின் பெயர்: அஞ்சலாட்சி.
ஏற்கெனவே ஒருமுறை தட்டியிருக்கிறேன்,
மற்றக் கடவுச்சொல்லில்.
விரலுக்கு நினைவிருந்தது. எனக்குத்தான் இல்லை.

ஆங்கிலத்தில் எப்படி எழுதணும்?
தெரியாது என்றார்.
ஓர் 'ஏ' போதுமா இரண்டா என்று
நானே முடிவு செய்தேன்.
சும்மா இருக்கமாட்டாமல்,
"பள்ளிக்கூடத்துல வாயாடின்னு கூப்புடுவாங்களே."
"வாயாடட்டும்.
வீட்ல நாலு பேரு இருக்கோம்.
யாரும் பேசறதில்ல."

பிரிண்டர் தீர்ந்துகொண்டிருந்தது.
'வாய்' கறுப்பாய் விழுந்தது,
'மை' தெரியவே இல்லை.
கார்ட்ரிட்ஜை உருவி, உதறி,
மறுபடி எடுத்தேன்.

தாளை மடிக்காமல்
சட்டைக்குள், ஈரம் படாத பக்கமாய் வைத்துக்கொண்டார்.
"போறேன் மேடம்."

இந்த ஊரில் யாரும் அப்படிச் சொல்லி விடைபெறுவதில்லை.
சரி என்றேன்.
டோக்கன் நாற்பத்தொன்று
ஏற்கெனவே கையை நீட்டியிருந்தது.